திரையின் அடியில் இரண்டு வரி

தமிழ்ப் படம் ஓடும்போது திரையின் அடியில் வரும் மலாய் வரிகளைப் படித்ததுண்டா என்று மலேசியத் தமிழர்கள் நூறு பேரிடம் கேட்டுப் பாருங்கள். தொண்ணூற்றொன்பது பேர் இல்லை என்பார்கள். மிச்சமுள்ள ஒருவர் பொய் சொல்வார். காதில் தமிழ் விழும்போது கண் எதற்குக் கீழே போக வேண்டும்? லோகேஸ்வரிக்கு இதில் வருத்தம் இல்லை. கொஞ்சம் சௌகரியம்கூட இருந்தது. அந்த வரிகளை எழுதுகிறவள் அவள்தான்.

கெடா மாநிலத்தில் சுங்கை லாலாங்கில் ஒரு வரிசை வீடு. சமையலறையை ஒட்டி ஒரு மேசை, மேசைமேல் மடிக்கணினி, பக்கத்தில் மூடி போட்ட குவளையில் கோப்பி. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சோறு பொங்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். கோலாலம்பூரில் உள்ள ஒரு நிறுவனம் வெளியாகப் போகும் படத்தை அனுப்பிவைக்கும். ஓரத்தில் விநாடிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் மங்கலான பிரதி அது. கூடவே யார் எப்போது என்ன பேசுகிறார்கள் என்று ஒரு வசனப் பட்டியலும் வரும். தமிழில் பேசுவதை மலாயில் எழுத வேண்டும். இரண்டே வரி, வரிக்கு நாற்பது எழுத்துக்கு மேல் போகக் கூடாது, வாசிக்கிறவர் முடிக்கும் முன் மறைந்துவிடவும் கூடாது. கதாநாயகன் மூன்று விநாடிக்குள் ஒரு பக்கத்துக்கு வீரம் பேசித் தீர்ப்பான். அதை எட்டு வார்த்தைக்குள் அடைக்கும் வித்தை அவளுக்குக் கை வந்திருந்தது.

அவள் பிறந்தது பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. பீடோங்கில் இடைநிலைப்பள்ளி படித்தபோது எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வில் மலாய் மொழிக்கு ஏ வாங்கினாள். தலைமையாசிரியர் சபையில் பெயர் சொல்லிக் கைதட்ட வைத்தார். அந்த ஏ-வை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பதினெட்டு வயதில் சுங்கைப் பட்டாணியில் மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பூதக்கண்ணாடி வழியாகச் சர்க்யூட் பலகைகளைப் பார்த்து, எங்கே பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது, எங்கே இணைப்பு இல்லை என்று கண்டுபிடிக்கும் வேலை. பதினாறு ஆண்டுகள் அதையே பார்த்தாள். பிறகு தொழிற்சாலை வியட்நாமுக்குப் போய்விட்டது. வீட்டில் சும்மா இருந்தவளுக்கு இந்த வேலையைத் தேடிக் கொடுத்தது மகள் ரூபினி. இப்போது ஜித்ராவில் பாலிடெக்னிக்கில் படிக்கும் ரூபினி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. கைப்பேசியில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க ஏ-க்கு வேல வந்திருக்கு" என்றாள். சொல்லி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

பெரும்பாலும் சண்டைப் படங்கள்தான் அவளுக்கு வரும். சண்டைப் படம் சுலபம். பாதி நேரம் 'டேய்'தான். கண்ணாடி உடையும், கார் பறக்கும், அந்த நேரத்தில் கோப்பியைக் குடித்துக்கொள்ளலாம். ஆனால் கதை இருக்கிறதே, அதுதான் அவள் பிராணனை வாங்கும். ஒரு சண்டைக்கு ஆறு மாதம் ஒத்திகை பார்க்கிறவர்கள் கதைக்கு ஆறு நாள் உட்கார்ந்தால் என்ன குடியா முழுகிவிடும்? இடது தோளில் குண்டடி பட்டவன் அடுத்த காட்சியில் அதே தோளில் காதலியைத் தூக்கிச் சுற்றுவான். காலையில் மதுரையில் இருந்தவன் மதியம் காஷ்மீரில் பனியில் உருளுவான். பதினாறு ஆண்டுகள் இணைப்பு விட்ட இடத்தையே தேடிய கண் அல்லவா, ஒன்றும் தப்பாது. மாவு சலிக்கும்போது கல் அகப்பட்டதுபோல் அவளுக்கு எரிச்சலாக வரும்.

முதல் தப்பை அவள் செய்தது அந்த எரிச்சலில்தான். ஒரு படத்தில் கதாநாயகனின் அம்மா செத்துப்போகிறார். சுவரில் படம் மாட்டி மாலையும் போட்டாயிற்று. ஒரு மணி நேரம் கழித்துக் கல்யாணக் காட்சி. அதே அம்மா பட்டுச் சேலையோடு முன்வரிசையில் நின்று அட்சதை போடுகிறார். கல்யாணத்தை முதலிலேயே எடுத்துவைத்துவிட்டு, அம்மாவைச் சாகடிக்கும் யோசனை பிறகு வந்திருக்க வேண்டும். மணமகன் காலில் விழுந்து "அம்மா!" என்கிறான். லோகேஸ்வரி கொஞ்ச நேரம் விநாடிக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மலாயில் 'பெரியம்மா' என்று எழுதிவிட்டாள்.

படம் பிறகு தொலைக்காட்சியில் வந்தது. பக்கத்து வீட்டு ரொஹானி வேலியோரம் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமிழ்ப் படம் என்றால் சமையலைக்கூட மறந்துவிடும் மலாய்க்கார அம்மாள் அவர். "கெசியான், லோகெஸ்! அம்மா இல்லாத பிள்ளை, பாவம். அம்மா ஜாடையிலேயே பெரியம்மா வந்து நிக்கிறாங்க பாரு, அங்க தாங்க முடியலை" என்று மலாயில் சொல்லி மூக்கை உறிஞ்சினார். தமிழர்கள் கைகொட்டிச் சிரித்த காட்சி அது. லோகேஸ்வரி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தாள். பள்ளிச் சபையில் கைதட்டு வாங்கியபோதுகூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

ருசி கண்டுவிட்டாள். அதற்குப் பிறகு மதுரைக்கும் காஷ்மீருக்கும் நடுவில் 'இரண்டு நாள் கழித்து' என்று ஒரு வரி போடுவாள். தோளில் குண்டடி பட்டால் மருத்துவர் வாயில் 'லேசான காயம்தான்' என்று வைப்பாள். எல்லாம் ஒட்டுத் தையல். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் நிறுவனத்தில் அவளுக்குப் படம் அனுப்பும் சசிதரன் ஒரு நாள் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார்.

"அக்கா, அம்மாவ எப்பக்கா பெரியம்மாவா மாத்துனீங்க? தயாரிப்பாளரோட ஆளுக்கு மலாய் தெரியும். கேட்டு எழுதியிருக்காரு."

லோகேஸ்வரி மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

"இந்தத் தடவ நான் சமாளிச்சிட்டேன். இன்னொரு தடவ இப்பிடி நடந்துச்சின்னா என் கையில இல்லக்கா. உங்களுக்குப் படம் வராது."

அதன் பிறகு பதினான்கு மாதங்கள் அவள் சுத்தபத்தமாக இருந்தாள். செத்தவன் எழுந்து வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் வாழ்க்கையில் அந்த ஏ-வுக்கு வாய்த்த ஒரே வேலை இது. இதையும் தொலைத்துவிட முடியாது.

இந்த நேரத்தில்தான் 'கொதிகலன்' வந்து சேர்ந்தது.

பெரிய நடிகர், பெரிய செலவு. ஊரெல்லாம் எதிர்பார்த்த படம். அவள் கணவன் தேவன் விளம்பரத் துண்டை மட்டும் நாற்பது தடவை பார்த்திருப்பான். தேவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். சண்டைப் படம் எது வந்தாலும் முதல் வாரத்திலேயே போய்விடுவான். போய்விட்டு வந்து, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் உட்கார்ந்து, தே தாரெக் தேநீர் ஆறுவதற்குள் படத்தைக் கிழித்துத் தொங்கவிடுவான். "சண்டை இருக்கு, கதை எங்கலா?" என்பது அவன் வாய்ப்பாடு. மனைவி வேலை செய்யும் படத்தின் கதையை முன்கூட்டியே கேட்க மாட்டான், சொல்லவும் விட மாட்டான். அவள் எழுதுவதை ஒரு நாளும் படித்ததில்லை. "அதப் படிக்கிறதுக்குள்ள ரெண்டு அடி மிஸ்ஸாயிடும், லோகு" என்பான். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, உண்மையைத்தான் சொல்வான். உண்மையை எங்கே சொல்வது, எங்கே விழுங்குவது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. ரகசியம் எதையும் லோகேஸ்வரி அவனிடம் சொல்வதில்லை. வீட்டில் சொன்னது மாலைக்குள் பீடோங் வரை போய்விடும்.

'கொதிகலன்' படத்தில் எங்கே தேடினாலும் ஒரு கொதிகலன் கிடையாது. அதைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். மன்னிக்க முடியாதது சங்கிலி விஷயம். வில்லனின் அடியாள் சங்கிலி, மலைபோல் ஆள். இரண்டு மணி நேரம் கதாநாயகனை மூன்று தடவை நையப் புடைக்கிறான். கடைசிச் சண்டையில் கதாநாயகன் கூண்டுக்குள் கிடக்கிறான். சங்கிலியின் கைப்பேசி ஒலிக்கிறது. எடுத்துப் பார்க்கிறான், திரும்பப் பையில் வைக்கிறான். சாவியைக் கூண்டுக்குள் வீசுகிறான், வில்லன் சுட்ட குண்டை நெஞ்சில் வாங்கிச் சாகிறான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கைப்பேசி எதற்கு ஒலித்தது? விளம்பரத்துக்குப் பணம் வாங்கியிருப்பார்கள்.

லோகேஸ்வரி படத்தைப் பின்னுக்கு ஓட்டினாள். இடைவேளைக்கு முன்னால் கதாநாயகன் தீப்பிடித்த மருத்துவமனையிலிருந்து ஒரு பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெல்ல நடந்து வருகிறான். அந்தப் பிள்ளை அவன் தோளில் சாய்ந்தபடி ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறது. இசைதான் கேட்கிறது. அதற்குப் பிறகு படத்தில் அந்தப் பிள்ளையே இல்லை. இன்னும் பின்னுக்கு ஓட்டினாள். ஆரம்பத்தில் சங்கிலி ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்று கைப்பேசியில் பேசுகிறான். அங்கேயும் மத்தளமும் கிட்டாரும்தான். வசனப் பட்டியலில் 'வசனம் இல்லை' என்று போட்டிருந்தது.

மூன்று முனைகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. பலகையில் கம்பி எல்லாம் சரியாக வந்திருக்கிறது, பற்றவைக்கத்தான் ஆள் இல்லை. அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. கூடவே சசிதரன் குரலும் கேட்டது. வேண்டாம் என்று எழுந்து போய்த் துணி காயப்போட்டாள். இரண்டு நாள் வேண்டாம் வேண்டாம் என்றே மற்ற வசனங்களை முடித்தாள். குழம்பு கொதிக்கும்போதும் சங்கிலி ஜன்னலோரம் நின்று யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, ஜன்னலோரச் சங்கிலியின் அடியில் எழுதினாள்: "அடிக், உபாட் ஜாங்ஙான் லுப்பா." தங்கச்சி, மருந்தை மறந்துவிடாதே. தீயிலிருந்து வரும் பிள்ளையின் அடியில், 'என் அண்ணன் பேர் சங்கிலி. அவன்கிட்ட சொல்லுங்க' என்பதை மலாயில் எழுதினாள். இரண்டே வரி. மூன்றாவது தேவைப்படவில்லை, கைப்பேசி தானே ஒலித்துக்கொள்ளும், அது தங்கச்சியின் சேதி என்று பார்க்கிறவர் சேர்த்துக்கொள்வார். யோசித்தால் அழித்துவிடுவோம் என்று யோசிக்காமல் அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் யோசித்தாள்.

கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. சனிக்கிழமை காலைக் காட்சிக்குத் தேவன் இரண்டு பேரோடு சுங்கைப் பட்டாணிக்குப் போனான். ஒருவர் ரொஹானியின் கணவர் அஸ்மி. அவரும் அதே நிறுவனத்தில் குலை லோரி ஓட்டுகிறவர், தேவனோடு சேர்ந்து தமிழ்ப் படம் பார்த்தே பாதித் தமிழ் கற்றவர். இன்னொருவன் பீடோங்கில் டயர்க் கடை வைத்திருக்கும் புவனேசன். இவன் வேலை முடிந்ததும் கைப்பேசியைத் தூக்கிவைத்துக்கொண்டு பட விமர்சனம் செய்து காணொளி போடுவான். ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள். சசிதரனும் பார்ப்பார். "உங்க கெடா ஆளு இந்த வாரம் யார திட்டுறாருன்னு பாத்தீங்களா அக்கா?" என்று அவளுக்கே அனுப்பிவைப்பார்.

மதியம் மாமாக் கடையில் வழக்குத் தொடங்கியது. லோகேஸ்வரி அதைப் புவனேசனின் காணொளியில்தான் பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரம் போட்டு அடிச்சவன் எதுக்குலா சாவிய வீசுறான்? கிறுக்கா அவனுக்கு? கதை எங்கலா?" என்று தேவன் மேசையைத் தட்டினான்.

அஸ்மி ரொட்டிச் சானாயைப் பிய்த்தபடி அரைத் தமிழில் நிதானமாகச் சொன்னார். "அவன் தங்கச்சிய ஹீரோ காப்பாத்துச்சி. அதுக்குத்தான் சாவி."

"எந்தத் தங்கச்சி?"

"ஹாஸ்பிட்டல் தங்கச்சி."

தேவனும் புவனேசனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அஸ்மி தூங்கிக் கனவு கண்டிருக்கிறார் என்றார்கள். அஸ்மிக்குக் கோபம் வந்துவிட்டது. பந்தயம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போய்ப் பார்ப்பது. தோற்றவர் ஜெயித்தவரின் லோரியைக் கழுவ வேண்டும். செம்பனை லோரியைக் கழுவுவதென்றால் சாதாரணமில்லை. அடித்தட்டில் அழுகிய பழம், பிசுபிசுவென்று எண்ணெய், விரலில் ஏறும் முள். புவனேசன் கைப்பேசியை முகத்துக்கு நேரே திருப்பி, "மக்களே, தீர்ப்பு வெள்ளிக்கிழமை, இதே சேனல்ல" என்று முடித்தான்.

லோகேஸ்வரி காணொளியை அணைத்தாள். அவள் கையும் களவுமாக மாட்ட ஒரு வாரம் இருந்தது. தேவன் அந்த வரியைப் படித்த மறுகணமே புரிந்துகொள்வான், யார் எழுதியது என்று. வெளியே வந்ததும் புவனேசனின் கைப்பேசி முன்னால் வாயைத் திறப்பான். மாலைக்குள் சசிதரன் பார்ப்பார். ஒன்பது ஆண்டு வேலை அத்தோடு சரி. முன்கூட்டியே அவனிடம் சொல்லிக் காலில் விழலாமா என்று நினைத்தாள். சொன்னால் வெள்ளிக்கிழமை வரைகூடத் தாங்காது. சாயங்காலம் லோரியை நிறுத்திவிட்டு வரும்போதெல்லாம் அவன், "நீதான் படத்த எழுதுனவ, நீயே சொல்லு, தங்கச்சின்னு ஒருத்தி இருக்காளா?" என்பான். அவள், "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், போயிப் பாத்துக்குங்க" என்று பாத்திரத்தைத் துலக்குவாள். அவன் அதையே சாக்காக வைத்து, "அப்ப நீயும் வா. நீதான் நடுவர்" என்றுவிட்டான். ரொஹானியும் சேலையைப்போல் பளபளக்கும் புது பாஜு குரோங்கை உடுத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அஸ்மி வந்ததும் நால்வரும் ஒரே காரில் போனார்கள். வழியெல்லாம் தேவன் தன் லோரியில் எந்தெந்த மூலையில் அதிக அழுக்கு என்று அஸ்மிக்கு வகுப்பு எடுத்தான். லோகேஸ்வரி ஜன்னல் வழியாகச் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரொஹானி அவள் கையைப் பிடித்து, "ஏன் கை இப்பிடிச் சில்லுனு இருக்கு?" என்றார். ஏர்கோன் காற்று என்றாள்.

படம் தொடங்கியது. திரையை அவள் பார்க்கவில்லை, தேவனின் முகத்தைத்தான் பார்த்தாள். ஜன்னலோரக் காட்சி வந்தது. அஸ்மி முழங்கையால் தேவனை இடித்தார். தேவனின் கண் முதன்முறையாகத் திரையின் அடிக்குப் போனது. உதடு அசைய அசையப் படித்தான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். மத்தளமும் கிட்டாரும்தான். மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தான். அவள் பாப்கார்ன் பொட்டலத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

தீக்காட்சியில் அஸ்மி மறுபடி இடித்தார். தேவன் "ம்" என்றான். அந்த 'ம்' என்ன 'ம்' என்று பத்தொன்பது ஆண்டு கூட வாழ்ந்தவளுக்கே புரியவில்லை. கடைசிச் சண்டையில் சங்கிலியின் கைப்பேசி ஒலித்தது. தேவன் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டான். சாவி பறந்தது, குண்டு பாய்ந்தது, கணவர் சொல்லிக் கதை தெரிந்திருந்தும் ரொஹானி தேம்பினார். போன வாரம் தங்கச்சி என்றதற்கே விழுந்து விழுந்து சிரித்தவன் இப்போது புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். சளியாகவும் இருக்கலாம்.

வாசலில் புவனேசன் கைப்பேசியோடு நின்றுகொண்டிருந்தான். "சொல்லுங்க தேவண்ணே! அந்தத் தங்கச்சி இருக்காளா, இல்லியா?"

லோகேஸ்வரி தூணில் சாய்ந்துகொண்டாள். ஒரு வார்த்தை போதும். 'இல்ல, என் பொண்டாட்டி சேத்துட்டா' என்றால் அவன் ஜெயித்தான். அஸ்மி லோரி கழுவுவார், படம் குப்பை என்பது நிரூபணமாகும். இருபது ஆண்டுகளாக மாமாக் கடையில் தேவன் சொல்லிவந்ததெல்லாம் சரியாகிப்போகும். பந்தயத்தில் தோற்பது அவனுக்குப் பிடிக்காது. கல்யாணத்தன்று நலங்கில் மோதிரம் எடுக்கும் விளையாட்டில்கூட அவளுக்கு விட்டுக்கொடுக்காதவன்.

"இருக்கா" என்றான் தேவன். "நான்தான் முழிச்சிக்கிட்டே தூங்கிட்டேன். அஸ்மி ஜெயிச்சிட்டாரு."

அஸ்மி கையை மேலே தூக்கிக் கூவினார். புவனேசன் விடுவதாக இல்லை. "இல்லண்ணே, நானும்தான பாத்தேன். தங்கச்சின்னு தமிழ்ல எங்க சொல்றான்? எனக்கும் கேக்கலியே?"

"எப்பிடிலா கேக்கும்? அந்த மியூசிக் போடுற சத்தத்துல பக்கத்துல இருக்கிறவன் பேசுறதே கேக்கல. அதுக்குத்தான கீழ எழுதிப் போடுறாங்க. நீயும் நானும் படிச்சமா? கீழ படிக்கிறவனுக்குத்தான் படம் புரியுது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தான். லோகேஸ்வரியின் பக்கம் திரும்பவில்லை. உண்மையை விழுங்கத் தெரியாத மனிதன் ஒரு முழு உண்மையை அவளுக்காக விழுங்கியிருந்தான், அதுவும் கேமராவுக்கு முன்னால்.

வீட்டுக்கு வந்தும் அவன் அதைப்பற்றிப் பேசவில்லை. தோசை தின்றான், செய்தி பார்த்தான், படுத்துவிட்டான். கோபமோ என்று அவளுக்குத் திகில். சனிக்கிழமை காலையில் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு வாளி, தேய்ப்பான், தண்ணீர்க் குழாய் சகிதம் அஸ்மியின் லோரிக்குள் ஏறினான். அஸ்மி நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த மூலை, தேவா, அந்த மூலை" என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தார். தேவன் விசிலடித்துக்கொண்டே தேய்ப்பது வீட்டுக்குள் கேட்டது.

பத்து மணிக்குக் கைப்பேசி அதிர்ந்தது. சசிதரன் புவனேசனின் காணொளியை அனுப்பியிருந்தார். கீழே அவர் எழுதியிருந்ததை அவள் இரண்டு தடவை படித்தாள்.

'பார்த்தேன் அக்கா. மியூசிக் ரொம்பச் சத்தம்தான். அடுத்த படம் அனுப்பியிருக்கிறேன். அதில் மியூசிக் கம்மி. எல்லா வசனமும் தெளிவாகக் கேட்கிறது.'

கண்டுபிடித்துவிட்டார், விட்டும்விட்டார். இனிமேல் வாலைச் சுருட்டிக்கொண்டிரு என்றும் சொல்லிவிட்டார். லோகேஸ்வரிக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தாள். பிறகு எழுந்துபோய்த் தேவனுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலுக்கு வெங்காயம் உரித்தாள்.

மதியம் தேவன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். எத்தனை சோப்புப் போட்டும் செம்பனை எண்ணெய் வாடை போகவில்லை, நான்கு விரல்களில் பிளாஸ்திரி. அவள் சோறு போட்டாள், சம்பலை அள்ளி வைத்தாள். இரண்டு கவளம் தின்றான். தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"லோகு, அந்தத் தங்கச்சிக்கு அப்புறம் யாரு மருந்து குடுக்கிறது?"

"என்னங்க?"

"அண்ணன்காரன் செத்துட்டான். அவன்தான மருந்து சாப்புடுன்னு போன் போடுவான். இப்ப அந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா? அம்போன்னு விட்டுட்டியே!" அவன் குரலில் கேலி இல்லை. மாமாக் கடையில் பெரிய இயக்குநர்களைக் கேட்கும் அதே குரல், அதே சூடு. "மத்ததெல்லாம் நல்லா வச்சிருக்க. அங்க ஓட்டை."

லோகேஸ்வரிக்கு முகம் சிவந்தது. பதினாறு ஆண்டுகள் ஓட்டை தேடியவளின் பலகையில் ஓட்டையாம். "இடம் இல்லீங்க" என்றாள். "அவன் செத்ததுக்கப்புறம் எல்லாரும் பேசிக்கிட்டேதான் இருக்காங்க. எங்க போடுறது?"

தேவன் நெத்திலியை மென்று விழுங்கினான். "கடைசியில ஹீரோ பைக் எடுத்துக்கிட்டு கடலோரமாப் போறான்ல. யாரும் பேசல, சும்மா காத்தடிக்குது. அங்க போட்டிருக்கலாம்ல? 'தங்கச்சி, மருந்து சாப்பிட்டியா'ன்னு?"

அவள் கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு மேசைக்குப் போனாள். மடிக்கணினியைத் திறந்து படத்தின் கடைசிக்கு ஓட்டினாள். கடல், காற்று, பைக். ஓரத்தில் விநாடிக் கணக்கு ஓடியது. கதாநாயகன் கைப்பேசியைக் காதில்கூட வைத்திருந்தான்.

முழுதாகப் பதினொரு விநாடி இருந்தது.